வாங்கியவருக்குக் கேட்கவும் உரிமை உண்டு
(தேசிய நுகர்வோர் நாளையொட்டி, 2025 டிசம்பரில் மதுரை தல்லாகுளத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

1986-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். அதனால்தான் அந்தத் தேதியை நுகர்வோர் நாளாகக் கொண்டாடுகிறோம். இந்த நாளில் மேடையேறுகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது உங்களுக்குத் தெரியும். எடையைப் பாருங்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள், பில் கேட்டு வாங்குங்கள். எல்லாமே தேவையான சொற்கள். பில்லைத் தொலைத்துவிட்டு நுகர்வோர் ஆணையத்தின் படியேறுகிறவர் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் இன்று பில்லில் எழுதப்படாத ஒன்றைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

இங்கிருந்து கொஞ்சதூரத்தில், தமுக்கம் மைதானத்தை ஒட்டித் தலைமைத் தபால் நிலையம் இருக்கிறது. இந்த ஆண்டு ஜனவரி 7-ஆம் தேதி அங்கே என்ன நடந்தது என்று தல்லாகுளத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேலூர் முழுக்கக் கடையடைப்பு. நரசிங்கம்பட்டியிலிருந்து நான்குவழிச் சாலையில் ஆயிரக்கணக்கான மக்கள் மதுரையை நோக்கி நடந்தார்கள். பெரியாற்று ஒருபோகப் பாசனத்தில் நெல் விளைவிக்கிற விவசாயிகள், நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள், இடுப்பில் பிள்ளையோடு வந்தவர்கள். சித்திரையில் அழகருக்கு எதிர்சேவை செய்ய நாம் திரளுகிற இதே தல்லாகுளத்தில், தை பிறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்பதுதான் கோரிக்கை. தபால் நிலையம் மத்திய அரசின் அலுவலகம் என்பதால் அந்த இடம்.

அன்றைக்கும் அதற்குப் பிறகும் இந்த வட்டாரத்து டீக்கடைகளில் ஒரு பேச்சு அடிபட்டது. "கையில செல்போனை வச்சு வீடியோ எடுத்துக்கிட்டே சுரங்கம் வேண்டாங்கிறாங்களே அண்ணே, அந்த செல்போன் எதுலருந்து வருதாம்?" என்பது அந்தப் பேச்சு. இதைக் கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை, யாருக்கும் விலைபோனவர்களும் இல்லை. நியாயமாகப் படுவதைக் கேட்டார்கள். நம் வீட்டிலும் இதே கேள்வி வேறு வடிவங்களில் வரும். பிடிக்கவில்லையென்றால் வாங்காமல் இரேன் என்பார்கள். வளர்ச்சி வேண்டுமென்றால் எதையாவது இழக்கத்தானே வேண்டும் என்பார்கள். கம்பெனிக்காரன் பள்ளிக்கூடத்துக்குக் கக்கூஸ் கட்டிக் கொடுத்திருக்கிறானே என்பார்கள். இந்தப் பேச்சுகளுக்கு நேரான பதில் சொல்லியாக வேண்டும். போராடியவர்கள் ஜெயித்துவிட்டார்கள் என்பதாலேயே கேள்வி தீர்ந்துவிடாது.

முதலில் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். மாணவர்களுக்குப் பயன்படும்.

2023-ல் கனிமச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. நாட்டுக்கு முக்கியம் என்று பட்டியலிடப்பட்ட 24 கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் மத்திய அரசுக்குப் போனது. அதில் டங்ஸ்டனும் ஒன்று. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்று பெயரிட்டு, மேலூர் வட்டாரத்தில் 2,015 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 5,000 ஏக்கர், ஏலத்துக்கு வந்தது. வேதாந்தா குழுமத்தைச் சேர்ந்த ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் அதை எடுத்திருப்பதாக 2024 நவம்பர் 7-ல் அறிவிப்பு வந்தது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம், அ.வல்லாளபட்டி, தெற்குத்தெரு, கிடாரிப்பட்டி என்று சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் தங்கள் நிலம் ஏலம்போன செய்தியைப் பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

அந்த நிலத்தில் என்ன இருக்கிறது? அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்ந்த 193 ஹெக்டேரைத் தமிழ்நாடு அரசு 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் அந்தத் தகுதி பெற்ற முதல் இடம் அதுதான். ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 இயற்கை ஊற்றுகள். ஏறத்தாழ 250 வகைப் பறவைகள், அவற்றில் லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் ராசாளியும் உண்டு. கழிஞ்சமலையில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழி எழுத்து, சமணப் படுக்கைகள், பாண்டியர் காலக் குடைவரைக் கோயில். இவ்வளவையும் காகிதத்தில் ஓர் எல்லைக்கோட்டுக்குள் அடைத்துவிட்டார்கள். 2024 நவம்பர் 23-ல் நடந்த கிராமசபைகளில் ஊர்க்காரர்கள் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-ல் சட்டப்பேரவையில் தீர்மானம் நிறைவேறியது. மாநில அரசு முன்பே விழித்துக்கொண்டிருக்கலாம் என்ற குறையும் எழுந்தது, அதிலும் நியாயம் உண்டு. பாரம்பரியத் தலத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தோண்டலாமா என்று மறு ஆய்வு செய்யச் சொன்னது மத்திய அரசு. மக்கள் அதற்கும் இணங்கவில்லை. ஜனவரி 7 ஊர்வலத்துக்குப் பிறகு ஊர்ப் பிரதிநிதிகள் டெல்லிக்குப் போய்ச் சுரங்கத்துறை அமைச்சர் கிஷன் ரெட்டியைச் சந்தித்தார்கள். ஜனவரி 23-ல் ஏலம் ரத்து.

இனி டீக்கடைக் கேள்விக்கு வருவோம்.

டங்ஸ்டன் நமக்குப் புதிய உலோகம் இல்லை. குண்டு பல்புக்குள் சுருண்டு கிடந்து வெளிச்சம் தந்த மெல்லிய கம்பி அதுதான். உலோகங்களிலேயே மிக அதிக வெப்பத்தில் உருகுவது, 3,422 டிகிரி செல்சியஸ். தங்கத்துக்கு நிகரான கனம் கொண்டது. அதனால் தங்கக்கட்டிக்குள் டங்ஸ்டனை வைத்து ஏமாற்றுகிற மோசடிகூட வெளிநாடுகளில் நடந்திருக்கிறது, தெற்காவணி மூலவீதிக்காரர்களுக்கு இது தெரிந்திருக்கும். உலகில் எடுக்கப்படும் டங்ஸ்டனில் பெரும்பங்கு வெட்டுக்கருவிகளுக்குப் போகிறது. புதூர்த் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர் 'கார்பைட் டிப்' என்று சொல்வது டங்ஸ்டன் கார்பைடு. போர்வெல் வண்டிக்காரர் நம் நிலத்தில் பாறையைத் துளைக்கும் பிட்டின் பற்களும் அதுதான். உங்கள் சட்டைப்பையில் இருக்கிற பால்பாயிண்ட் பேனாவின் முனை உருண்டைகூடப் பெரும்பாலும் அதுதான்.

செல்போனில் அது எங்கே இருக்கிறது என்று நேரில் பார்க்க வேண்டுமானால் டவுன் ஹால் ரோட்டில் ஏதாவது ஒரு சர்வீஸ் கடையில் கொஞ்சநேரம் நில்லுங்கள். தம்பி ஒருவர் போனின் முதுகைச் சூடுகாட்டி, பிளாஸ்டிக் தகட்டை நுழைத்துப் பசையைப் பிரித்து எடுப்பார். பேட்டரிக்குப் பக்கத்தில், ஒரு மூலையில், மிளகைவிடச் சற்றுப் பெரிய மோட்டார் ஒன்று ஒட்டியிருக்கும். வைப்ரேட்டர் என்பார்கள். அதன் அச்சில் அரைவட்டமாக ஒரு சிறு துண்டு. விரல்நுனியில் வைத்தால் அளவுக்கு மீறிய கனம் தெரியும். அந்தக் கனம் ஒருபக்கமாகச் சுழல்வதால்தான் போன் அதிர்கிறது. கூட்டத்தில் சத்தம் வராமல், பையில் இருக்கிற போன் நம்மைத் தொட்டுக் கூப்பிடுகிறதே, அது டங்ஸ்டன் செய்கிற வேலை. சில வகைப் போன்களில் இந்த மோட்டாரின் வடிவம் வேறாக இருக்கும், ஆனாலும் கனத்துக்கு நாடுவது பெரும்பாலும் இதே உலோகத்தைத்தான்.

ஆக, ஊர்வலத்தில் வந்த விவசாயியின் போனில் டங்ஸ்டன் இருந்தது. அவர் தோட்டத்து ஆழ்துளைக் கிணற்றைத் துளைத்ததும் டங்ஸ்டன். இதை மறைக்க வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை. பயன்படுத்துகிறவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்ற முடிவு மட்டும் எங்கிருந்து வந்தது? அரிசி உண்கிறவர் விவசாயியின் கடனைப் பற்றிப் பேசக்கூடாது, சேலை கட்டுகிறவர் நெசவாளியின் கூலியைப் பற்றிப் பேசக்கூடாது என்று யாரும் சொல்வதில்லை. காசு கொடுத்து வாங்கியவர்தான் கேட்க வேண்டும். எங்கிருந்து எடுத்தாய், யாரைக் கேட்டு எடுத்தாய், எத்தனை நாள் உழைக்கும், உழைத்து முடிந்தபின் திரும்ப எடுத்துக்கொள்வாயா? இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். வாங்குவதால் நமக்கு வருவது கேட்கும் உரிமை. அந்த உரிமையை நாம் பாதிவழியிலேயே விட்டுவிட்டோம்.

2019-ஆம் ஆண்டின் புதிய நுகர்வோர் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். பொருளின் தரம், அளவு, வீரியம், தூய்மை, விலை ஆகியவற்றைத் தெரிந்துகொள்ளும் உரிமை நமக்கு உண்டு என்கிறது. எந்த மண்ணைத் தோண்டி எடுத்தது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அந்தப் பட்டியலில் இல்லை. பெட்டியில் பொருள் தயாரான நாட்டின் பெயர் இருக்கும், அத்தோடு சரி. அமெரிக்காவில் 2010-ல் ஒரு சட்டம் போட்டார்கள். காங்கோ நாட்டு உள்நாட்டுப் போருக்குக் கனிம வியாபாரம் தீனி போடுகிறது என்று தெரிந்தபின், வெள்ளீயம், டான்டலம், டங்ஸ்டன், தங்கம் ஆகிய நான்கும் அந்தப் பகுதியிலிருந்து வந்தனவா என்று பங்குச்சந்தையில் உள்ள நிறுவனங்கள் ஆண்டுதோறும் விசாரித்து அறிவிக்க வேண்டும் என்றார்கள். ஐரோப்பிய ஒன்றியமும் அதே நான்குக்கும் விதி செய்து 2021 முதல் நடைமுறைப்படுத்தியது. அந்த விதிகளில் ஓட்டைகள் உண்டு, விவாதங்களும் உண்டு. ஆனால் விசாரிக்காமலேயே 'எங்கிருந்து வந்தது என்று எங்களுக்கே தெரியாது' என்று ஒரு கம்பெனி கையை விரிக்கும் காலம் அங்கே முடிந்துவிட்டது.

"பிடிக்கலைன்னா வாங்காதே" என்கிற பேச்சு இங்கேதான் உடைகிறது. தெரியாததை எப்படித் தவிர்ப்பது? நம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழவளவு, தெற்குத்தெரு, கீழையூர்ப் பக்கம் கிரானைட் குவாரிகள் என்ன செய்தன என்று மேலூர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். கண்மாயைக் காணோம், வாய்க்காலைக் காணோம், குன்றைக் காணோம். 2012-ல் அன்றைய மாவட்ட ஆட்சியர் சகாயம், அரசுக்கு 16 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று அறிக்கை அனுப்பினார். பிறகு உயர் நீதிமன்றமே அவரைச் சட்ட ஆணையராக நியமித்து விசாரிக்கச் சொன்னது. அந்தக் கற்கள் எங்கே போயின? உலகம் முழுவதும் மாளிகைத் தரைகளாக, சமையலறை மேடைகளாகப் போயின. பளபளவென்று தேய்த்த கல்மேடையில் காய் நறுக்குகிற ஒரு வெளிநாட்டு அம்மாவுக்கு, அதன் அடியில் ஒரு கண்மாய் புதைந்திருப்பது தெரிய வழியே இல்லை. தெரிந்திருந்தால் அவரும் பதறியிருப்பார். மேலூர்ச் சனம் டங்ஸ்டனை இவ்வளவு வேகமாக எதிர்த்ததற்கு அந்தக் கிரானைட் காயமும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

கொடைக்கானல் கதை இதைவிட நீளம். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இளையவர்கள் பலருக்கு அது தெரியவில்லை.

1983-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் நகரத்தில் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் இயந்திரங்கள் கொடைக்கானலுக்கு வந்தன. பாண்ட்ஸ் நிறுவனத்தின் ஆலை. 1987-ல் அந்த நிறுவனத்தை யூனிலீவர் வாங்கியபோது ஆலையும் கைமாறி, பின்னர் ஹிந்துஸ்தான் லீவரிடம் வந்து சேர்ந்தது. அமெரிக்காவிலிருந்து பாதரசம் வரும், நம் மலைக்காரப் பிள்ளைகள் அதைக் கண்ணாடிக் குழாயில் நிரப்புவார்கள், தெர்மாமீட்டராகித் திரும்பக் கப்பலேறும். கைக்குக் கையுறை, மூக்குக்கு முகமூடி என்று முறையான பாதுகாப்பு இல்லை என்பது தொழிலாளர்களின் குற்றச்சாட்டு. வேலை செய்த துணியோடு வீட்டுக்குப் போனார்கள். 2001 மார்ச் மாதம் மூஞ்சிக்கல்லில் ஒரு காயலாங்கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன் குவிந்து கிடப்பதை உள்ளூர் மக்களும் கிரீன்பீஸ் அமைப்பும் வெளிக்கொண்டுவந்தார்கள். பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடம். ஆலை மூடப்பட்டது. பாதரசம் கலந்த கழிவு ஏறத்தாழ 290 டன்னை 2003-ல் அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. தொழிலாளர்கள் 2006-ல் உயர் நீதிமன்றம் போனார்கள். நோய்களுக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்பதே நிறுவனத்தின் வாதமாக இருந்தது. 2016 மார்ச்சில்தான், மனிதாபிமான உதவி என்ற பெயரில், 591 முன்னாள் தொழிலாளர்களுக்குத் தொகை தரும் உடன்பாடு கையெழுத்தானது. ஆலை மூடி 15 ஆண்டு. அதற்குள் எத்தனையோ பேர் கண்ணை மூடிவிட்டார்கள்.

அந்த உடன்பாட்டுக்கு முன்னால் நடந்த ஒன்றைக் கவனியுங்கள். 2015 ஜூலையில் சென்னையைச் சேர்ந்த சோபியா அஷ்ரப் என்ற பெண் இந்த அநியாயத்தை ராப் பாட்டாகப் பாடினார், அது யூடியூபில் வெளியானது. உலகம் முழுவதும் லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். அவர்களெல்லாம் யார்? அதே நிறுவனத்தின் சோப்பையும் ஷாம்புவையும் வாங்குகிறவர்கள். கம்பெனியின் தலைவரே பொதுவெளியில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. வழக்காடியவர்கள் பல ஆண்டுகளாகத் தட்டிய கதவை, வாங்குகிறவர்களின் குரல் சேர்ந்தபோதுதான் உள்ளிருந்து திறந்தார்கள். ஒருவர் தனியாகச் சோப்பை மாற்றியிருந்தால் இது நடந்திருக்காது. நீதிமன்றத்தில் சளைக்காமல் நின்ற தொழிலாளர்கள் இல்லாமலும் நடந்திருக்காது.

சரி, கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு என்று சட்டமே இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ சொத்தோ உள்ள நிறுவனங்கள், மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூக நலத்துக்குச் செலவிட வேண்டும் என்கிறது. நல்ல சட்டம்தான். அதில் எத்தனையோ பள்ளிகளுக்கு வகுப்பறை வந்திருக்கிறது, ஊர்களுக்குக் குடிநீர் வந்திருக்கிறது. அதைக் கொச்சைப்படுத்த நான் தயாரில்லை. ஆனால் அந்த விதிகளிலேயே, நிறுவனம் தன் வழக்கமான தொழிலின் பகுதியாகச் செய்வது இந்தக் கணக்கில் சேராது என்று இருக்கிறது. அதாவது தொழில் வேறு, தருமம் வேறு. தொழிலை எப்படி நடத்துகிறாய் என்ற கேள்விக்குத் தருமக் கணக்கு பதிலாகாது. மீதி 98 விழுக்காட்டை எப்படிச் சம்பாதித்தாய் என்று கேட்கிறவருக்கு 2 விழுக்காட்டைக் காட்டினால் நாம் ஒப்புக்கொள்ளக் கூடாது. கம்பெனியின் பொறுப்பு அது செய்கிற பொருளுக்குள்ளேயே இருக்க வேண்டும், எடுத்த இடத்திலும், செய்த விதத்திலும், எத்தனை காலம் உழைக்கிறது என்பதிலும்.

இந்த உழைப்புக் காலம் பற்றி டங்ஸ்டனுக்கே ஒரு பழைய வரலாறு உண்டு. 1924 டிசம்பரில் ஜெனீவாவில் பல்பு தயாரிக்கும் பெரிய கம்பெனிகள் கூடி ஒப்பந்தம் போட்டன. ஜெர்மனியின் ஓஸ்ராம், நெதர்லாந்தின் பிலிப்ஸ் எல்லாம் அதில் இருந்தன. ஃபீபஸ் கூட்டு என்று பெயர். அதுவரை 1,500, 2,000 மணிநேரம் எரிந்துகொண்டிருந்த பல்பு இனி 1,000 மணிநேரம்தான் எரிய வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ஒவ்வொரு கம்பெனியின் பல்பையும் வாங்கிச் சோதிப்பார்கள். கூடுதலாக எரிந்தால் அந்தக் கம்பெனிக்கு அபராதம்! இரண்டாம் உலகப் போர் வரும்வரை இந்தக் கூட்டு நீடித்தது. பொறியியல் மாணவர்கள் இதைக் கேட்டு வருத்தப்பட வேண்டும். நீடித்து எரியும் கம்பி செய்யத் தெரிந்த அறிவாளிகளை, சீக்கிரம் அறுகிற கம்பி செய்ய உட்காரவைத்தார்கள்.

இப்போது போன்களில் அப்படி ஓர் ஒப்பந்தம் இருப்பதாக நான் சொல்லமாட்டேன், சான்றில்லாமல் சொல்லக் கூடாது. சான்றுள்ளதைச் சொல்கிறேன். 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம், பேட்டரி தளர்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைத் தன் மென்பொருள் வழியாகக் குறைத்ததை ஒப்புக்கொண்டது. போன் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தோம் என்றார்கள். அந்தக் காரணம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வாங்கியவரிடம் சொல்லவில்லை. பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும் என்று தெரியாமல் எத்தனையோ பேர் போனையே மாற்றியிருப்பார்கள். வாடிக்கையாளருக்குத் தெரிவிக்காத குற்றத்துக்காக 2020-ல் பிரான்ஸ் அரசு இரண்டரைக் கோடி யூரோ அபராதம் போட்டது.

நம் சர்வீஸ் கடையில் இது எப்படி நடக்கிறது? காம்போ, அதாவது திரைத் தொகுப்பு, போய்விட்டது என்று கொண்டுபோவோம். "ஒரிஜினல் போட்டா எட்டாயிரம் ஆகும் சார், டூப் போட்டா டச் சரியா இருக்காது. இன்னும் நாலாயிரம் போட்டீங்கன்னா புதுசே வாங்கிரலாம்" என்பார் அந்தத் தம்பி. அவர் பொய் சொல்லவில்லை. அசல் உதிரிபாகம் வெளிக்கடைக்குக் கிடைப்பதில்லை, கிடைத்தால் விலை தாங்காது. திருகாணி இருக்க வேண்டிய இடத்தில் பசை. பேட்டரி உப்பினால் மாற்றுவதற்கு முதுகுக் கண்ணாடியை உடையாமல் கழற்றும் வித்தை தெரிய வேண்டும். அந்த வித்தை கைவந்தவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். யூடியூபையும் அனுபவத்தையும் மட்டும் வைத்துக் கற்றுக்கொண்ட பிள்ளைகள். அவர்களுக்குக் கம்பெனியின் வரைபடம் ஒன்று கையில் கிடைத்தால் எத்தனை போன்கள் பிழைக்கும்!

ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி அமலுக்கு வந்திருக்கிறது. ஒரு மாடலின் விற்பனை நின்றபிறகும் ஏழாண்டு உதிரிபாகம் தர வேண்டும், ஐந்தாண்டு மென்பொருள் மேம்பாடு தர வேண்டும், பழுதுபார்க்க எளிதா கடினமா என்று பெட்டியிலேயே தரமிட்டுக் காட்ட வேண்டும். நம் நாட்டிலும் தொடக்கம் இருக்கிறது. 2022-ல் இதே டிசம்பர் 24-ல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ஓர் இணையதளம் திறந்தது. பழுதுபார்ப்பு மதிப்பெண் முறை பற்றி ஆராய 2024 செப்டம்பரில் ஒரு குழு அமைத்தார்கள், அது 2025 மே மாதம் அறிக்கையும் கொடுத்துவிட்டது. கடைகளில் இருக்கிற பெட்டிகளில் அந்த மதிப்பெண்ணை நான் இன்னும் பார்க்கவில்லை. இரண்டு ஆண்டில் மாற்றுகிற போனை நான்கு ஆண்டு வைத்திருந்தால் அதற்கான உலோகத் தேவை பாதியாகக் குறையும். அரிட்டாபட்டியைக் காப்பாற்றுகிற வேலையில் டவுன் ஹால் ரோட்டுத் தம்பிக்கும் பங்கு இருக்கிறது என்று நான் மனதாரச் சொல்கிறேன்.

நாட்டுக்கு டங்ஸ்டன் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும்தான். உலக உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சீனாவிடம் இருக்கிறது. ஏலம் ரத்தான சில நாட்களிலேயே, 2025 பிப்ரவரி 4-ல், சீனா டங்ஸ்டன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. ராணுவத்துக்கும் தொழிலுக்கும் இது கவலை தரும் விஷயம். ஆனால் தோண்டுவது ஒன்றுதான் வழி என்பதை நான் ஏற்கமாட்டேன். உலகில் பயன்படும் டங்ஸ்டனில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஏற்கெனவே பழையதிலிருந்தே எடுக்கப்படுகிறது. தேய்ந்த கார்பைட் டிப்பைப் பழைய இரும்போடு சேர்த்துப் போட எந்த லேத் முதலாளியும் சம்மதிக்கமாட்டார், தனியாக டப்பாவில் சேர்த்து நல்ல விலைக்கு விற்பார். அதன் அருமை அவருக்குத் தெரியும். வீட்டுக் குப்பையில்தான் அந்த அருமை தொலைகிறது.

ஒவ்வொரு வீட்டிலும் பீரோ இழுப்பறையில் இரண்டு மூன்று செத்த போன்கள் கிடக்கும். அல்லது தெருவில் மைக் கட்டி வருகிற வண்டிக்காரரிடம் கொடுத்துப் பிளாஸ்டிக் குடம் வாங்கியிருப்போம். அவை கைமாறிக் கைமாறிப் போகிற இடங்களில், அமிலத்தில் ஊறவைத்தும் திறந்தவெளியில் எரித்தும் செம்பும் தங்கமும் பிரிக்கிறார்கள். அந்தப் புகையைச் சுவாசிப்பதும் ஏழைகள்தான். மின்னணுக் கழிவு விதிகள் 2022-ல் புதுப்பிக்கப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கின்றன. உற்பத்தியாளர்கள் இந்த நிதியாண்டில் 70 விழுக்காடு அளவுக்கு மறுசுழற்சி செய்ததாகச் சான்று காட்ட வேண்டும், 2027-28 முதல் 80 விழுக்காடு. கேட்க நன்றாக இருக்கிறது. அந்தச் சான்றுக்கு எதைக் கணக்கிடுகிறார்கள்? தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு, இந்த நான்கையும்தான். டங்ஸ்டனைப் பிரித்தெடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கம்பெனியின் கணக்கில் ஒன்றும் மாறாது.

5,000 ஏக்கர் நிலத்தை அகழ்ந்தாவது எடுத்தாக வேண்டிய அளவுக்கு முக்கியமான உலோகம் என்று ஒரு துறை சொல்கிறது. குப்பையிலிருந்து அதை எடுத்துக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை என்று இன்னொரு துறையின் விதி விட்டுவிடுகிறது. இரண்டு துறைகளையும் ஒரு மேசையில் உட்காரவைக்க வேண்டியது குடிமக்களாகிய நம் வேலை. வாய்ப்பும் வந்திருக்கிறது. 2025 ஜனவரி இறுதியில் 16,300 கோடி ரூபாய்ச் செலவில் முக்கியக் கனிமங்களுக்கான தேசிய இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. செப்டம்பரில் அதன் பகுதியாக, மின்னணுக் கழிவிலிருந்தும் பழைய பேட்டரியிலிருந்தும் இத்தகைய கனிமங்களை மீட்பதற்கு 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தார்கள். அந்தப் பணத்தில் மதுரைக்கு ஒரு மீட்பு ஆலை ஏன் வரக்கூடாது? கப்பலூரில் தொழிற்பேட்டை இருக்கிறது. இழுப்பறைப் போன்களைச் சேகரிக்கத் தபால் நிலையங்கள் இருக்கின்றன, ரேஷன் கடைகள் இருக்கின்றன, கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நம் தியாகராசர் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் வாசுதேவன் பிளாஸ்டிக் குப்பையைத் தார்ச்சாலைக்குப் பயன்படுத்திக் காட்டி, 2018-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். குப்பையிலிருந்து பயன் எடுக்கும் அறிவுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை.

என் பேச்சைக் கேட்டுவிட்டு யாரும் போனைத் தூக்கிப் போட வேண்டாம். அது பிள்ளைகளுக்குப் பாடம், வியாபாரிக்குப் பெட்டிப்பணம், வெளியூரில் இருக்கிற மகன் முகம். அடுத்தமுறை கடைக்குப் போகும்போது, கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதோடு, இந்த மாடலுக்கு எத்தனை ஆண்டு அப்டேட் வரும், பேட்டரி மாற்ற என்ன செலவாகும், பழைய போனைக் கம்பெனி எடுத்துக்கொள்ளுமா என்றும் கேளுங்கள். விற்கிற பையனுக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். பத்துப் பேர் கேட்டால் அவன் தன் மேலாளரிடம் கேட்பான். பதில் கிடைக்காவிட்டாலோ, சர்வீஸில் அநியாய விலை சொன்னாலோ 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம்.

வெளியே வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். அதில் இரண்டு மனுக்களின் வரைவு இருக்கிறது. ஒன்று மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு, மின்னணுக் கழிவுக் கணக்கில் டங்ஸ்டன் போன்ற முக்கியக் கனிமங்களையும் சேர்க்கச் சொல்லி. இன்னொன்று நுகர்வோர் விவகாரத் துறைக்கு, பழுதுபார்ப்பு மதிப்பெண்ணைப் பெட்டியில் அச்சிடுவதைக் கட்டாயமாக்கச் சொல்லி. சட்டம் படிக்கிற மாணவர்கள் வாசகத்தைத் திருத்தித் தர வேண்டும், பழுதுபார்க்கும் தம்பிகள் எந்தெந்த உதிரிபாகம் கிடைப்பதில்லை என்று பட்டியல் எழுதித் தர வேண்டும். ஜனவரி முதல் வாரத்தில் இரண்டையும் தலைமைத் தபால் நிலையத்தில் விரைவுத் தபாலில் சேர்க்கிறோம். படித்துப் பாருங்கள். விடுபட்டதைச் சேருங்கள். சம்மதமென்றால் கையெழுத்துப் போடுங்கள்.